முக்கால் நிமிடம் பின்னால்

அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் காலைக் கேள்வி நடத்துகிறவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒரு கேள்வி கேட்பாள். முதலில் போன் போட்டுச் சரியாகப் பதில் சொல்கிறவருக்குப் பரிசு. பரிசு என்ன, தண்ணீர் பாட்டில். அதற்கு ஊர் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் பாட்டிலுக்குள் தங்கம் இருக்கிறதோ என்று தோன்றும். நிலையத்து ஆட்களின் வீட்டார் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது.

அக்காவின் கணவருக்கு அது ஒரு குறையே இல்லை. பைக் மெக்கானிக். "வீட்டுல கேக்கறது பத்தாதா, கடையிலயும் உன் குரலா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். காட்டிக்கொள்ள மாட்டாள்.

புது மேலாளர் வந்ததும் வினை ஆரம்பித்தது. ரேடியோ பெட்டியில் கேட்கிறவர்களை எண்ண முடியாது, நிலையத்தின் கைப்பேசி ஆப்பில் கேட்கிறவர்களை எண்ணலாம். எண்ண முடியாதவர்கள் இல்லாதவர்கள் என்பது அந்த மனிதரின் கட்சி. அவர் கைப்பேசியில் ஆப் எந்நேரமும் திறந்தே இருக்கும். எண்ணைப் பார்ப்பதோடு சரி, சத்தம் வைத்து ஒரு நாள் கேட்டதில்லை. காலைக் கேள்விக்கு எண் தேறவில்லையென்றும், மாதக் கடைசியோடு அதை நிறுத்திவிட்டு வெறும் பாட்டு ஓடவிடலாமென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா விடுவாளா? தினமும் மைக்கில் கெஞ்சினாள், பெட்டியை அணைத்துவிட்டு ஆப்புக்கு வரச்சொல்லி. நாத்தனார், ஓரகத்தி, ஓரகத்தியின் சம்பந்தி என்று ஒருவர் பாக்கியில்லாமல் கைப்பேசியைப் பிடுங்கி ஆப்பை ஏற்றிவிட்டாள். தெருமுனைத் தையற்கடை அம்மா ரேடியோவைப் பரண்மேல் போட்டே விட்டார். மசியாத ஒரே ஆள் கணவர்தான். கை முழுக்க கிரீஸாம், போன் வழுக்குமாம். அவள் ஒரு வேளை முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தாள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

எண் ஏறியது. மேலாளருக்கே ஆச்சரியம். நேரில் பார்க்கிறேன் என்று மாதக் கடைசி நாள் காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

அக்கா உற்சாகமாகக் கேட்டாள், தேனீக்கு எத்தனை கண் என்று. கேட்டுவிட்டுப் போனைப் பார்த்தாள். வழக்கமாகக் கேள்வி முடிவதற்குள் அதில் அழைப்பு விளக்குகள் எரியும். இன்று ஒன்றுகூட எரியவில்லை. கேள்வியைத் திரும்பச் சொன்னாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிபரப்பில் இவ்வளவு மௌனம் அவள் ஆயுசில் விட்டதில்லை. வாய் தன்போக்கில் பேசிவிட்டது.

"யாருமே இல்லையா? அப்ப இவ்வளவு நாளா நான் யாருக்குப் பேசிக்கிட்டிருக்கேன்?"

உடனே ஒரு விளக்கு எரிந்தது.

"அஞ்சு," என்றது ஓர் ஆண்குரல். "ரெண்டு பெருசு, மூணு சின்னது."

பின்னால் காற்றடிக்கும் மெஷின் சத்தம். அக்காவுக்குக் குரலும் தெரிந்தது, மெஷினும் தெரிந்தது.

"நீங்க... உங்களுக்குப் பரிசு தர முடியாதே."

"தெரியும். அதனாலதான் இத்தனை வருஷமா கூப்பிடல. தினமும் கேக்கறேன். கடையில பெட்டி அதுக்குத்தான் இருக்கு."

அக்கா அவசரமாகப் பாட்டைத் தட்டிவிட்டாள். அதற்குள் போனில் இருந்த விளக்கு அத்தனையும் ஒருசேர எரிந்தன. மேலாளர் ஓடிவந்து ஒன்றை எடுத்தார். தையற்கடை அம்மா. இப்போதுதான் கேள்வியே காதில் விழுந்தது, உடனே கூப்பிட்டும் எடுக்க இவ்வளவு நேரமா, இது என்ன நியாயம் என்று அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார். அடுத்த போனிலும் அதே வசவு.

மேலாளர் தன் கைப்பேசியில் முதல்முறையாகச் சத்தத்தைக் கூட்டினார். அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கைப்பேசியில் அக்கா இன்னும் யாருமே இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆப் முக்கால் நிமிடம் பின்னால் வருகிறது. முந்தின நாள்வரை பெட்டிக்காரர்கள் இரண்டொருவர் மிச்சமிருந்து முந்திக்கொண்டதால் அது யாருக்கும் உறைக்கவில்லை. அவர்களையும் அக்காவே துரத்திவிட்டிருந்தாள்.

"எல்லாரும் இருக்காங்கம்மா," என்றார் மேலாளர், அசடு வழிய. "நீங்க நடத்துங்க. கேள்வி கேட்டதும் ஒரு பாட்டுப் போட்டுட்டு அப்புறம் போனை எடுங்க."

அக்கா அவர் கைப்பேசிப் பக்கம் குனிந்திருந்தாள். அதில் காற்றடிக்கும் மெஷின் சத்தம் இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. முதல்முறை நிகழ்ச்சி நடத்துகிறவளாகக் கேட்டுவிட்டாள். இந்த முறை பெண்டாட்டியாகக் கேட்க வேண்டும். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள்.