சாலோமி டீச்சரின் வலது தோள்

சாலோமி டீச்சருக்கு அந்த மாதம் முழுக்க ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது தோள் குடையும். எழுந்து நின்றால் வலி கழுத்துக்கு ஏறும். படுத்தாலோ கேட்கவே வேண்டாம். தலையணையை மடித்து வைத்துப் பார்த்தாள், உருவி எறிந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதையே விட்டுவிட்டாள். பின்வரிசைப் பிள்ளைகள் எக்கி எக்கிக் கீழ்ப்பாதியைப் படித்துக்கொண்டார்கள்.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் பயம் வேறு. பாளையங்கோட்டையில் அவர்கள் திருச்சபையின் கொயரை, அந்தப் பாட்டுக் குழுவை, நடத்துகிறவள் அவள்தான். வருஷத்துக்கு ஒருமுறை நன்றி சொல்லிப் படைக்கிற ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அக்கம்பக்கத்துச் சபைகளும் சேர்ந்த சேகரத்து ஜனம் மொத்தமும் கோயிலில் கூடும். கொயர் முன்னால் நின்று கையை உயர்த்த வேண்டும். கை காதுவரைக்கும்கூட வராவிட்டால் என்ன செய்வது? சென்னையில் முறையாகப் பாட்டு நடத்தப் படித்துவிட்டு வந்த பெர்லின், பெண்களில் தாழ்ந்த குரல் பாடுகிற ஆல்ட்டோ வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் நல்ல பெண்ணிடம் கொயரைப் பறிகொடுத்தாலும் பறிகொடுத்தது பறிகொடுத்ததுதானே.

தோளுக்கு என்ன கோளாறு என்று அவளைத் தவிர வேறு யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். வலது தோளில் ஒரு பேக். டிபன், தண்ணீர் பாட்டில், குடை, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, கொயரின் பாட்டு ஃபைல், இதெல்லாம் அவளுடையது. மீதியெல்லாம் வீட்டுக்காரர் ரிச்சர்டுடையது. வாசிக்கிற கண்ணாடி, சர்க்கரை மாத்திரை, சார்ஜர், போதாக்குறைக்குக் கோயில் ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாது என்று ஒரு மப்ளர். எங்கே கிளம்பினாலும், "சாலோமி, இதையும் உன் பேக்ல போட்டுக்கோ" என்று நீட்டுவார். நீட்டிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு மகாராஜா மாதிரி முன்னால் நடப்பார். பஸ்ஸில் போன் வந்தால் அவள் அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பேக்கையும் பிடித்தபடி சேரன்மகாதேவி வரைக்கும் பேசுவாள். தோள் என்ன இரும்பா?

கடைசியில் ரிச்சர்டே அவளை ஐகிரவுண்டு பக்கம் புதிதாகத் திறந்திருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தது ஒரு பொள்ளாச்சிப் பெண். சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. ரிச்சர்டுக்கு வாய் சும்மா இருக்காது. "நானும் உங்க ஊர்ப் பக்கம்தாம்மா. கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல எட்டு வருசம் ஆபீஸ் வேல பாத்திருக்கேன்" என்று உறவு கொண்டாடினார்.

அந்தப் பெண் தோளை அமுக்கிப் பார்த்தாள். சுவரில் விரல்களால் ஏறி ஏறிக் கையை உயர்த்தும் பயிற்சியைச் செய்து காட்டினாள். பிறகு, இதுதான் முக்கியம் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

"இனிமே பையத் தூக்கவே கூடாதுங்க. பையத் தூக்கித் தூக்கித்தான் தோள் இப்படி இறுகிக் கெடக்குதுங்க."

சாலோமிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. திருநெல்வேலிக்காரிக்குப் 'பைய' என்றால் மெதுவாக. பையப் போ, பையப் பேசு, பையச் சாப்பிடு. அவள் தோளில் தொங்குவது பை இல்லை, பேக். பை என்றால் ரேஷன் கடைக்குக் கொண்டுபோகிற மஞ்சள் துணி. ஆக, கையை மெதுவாகத் தூக்கக் கூடாது. சரிதானே! ஞானப்பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடவைத்து, இத்தனை வருஷமாக இந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா உயர்த்தினோம்? இறுகாமல் என்ன செய்யும்?

மறுநாளிலிருந்து சுவருக்கு முன்னால் நின்று கையைச் சடாரென்று மேலே வீசினாள். கண்ணில் பூச்சி பறந்தது. வலித்தால்தான் குணமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வீசினாள். பேக் மட்டும் வழக்கம்போல வலது தோளில் ஏறி அம்பாசமுத்திரம் போய் வந்தது.

கொயர் பயிற்சியிலும் அதே வீச்சுதான். கை வெட்டி வெட்டி ஏறவும் பாட்டும் வெட்டி வெட்டி ஓடியது. பாவத்தை நினைத்து உருக வேண்டிய பாட்டைக் குதிரை வண்டியில் ஏற்றி விரட்டினாள். கட்டைக்குரலில் பேஸ் பாடுகிற தேவதாசன் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.

"டீச்சர், நமக்கு ரயிலா போவப் போவுது? மூச்சு விடவாவது எடம் குடுங்க."

"தூங்கிக்கிட்டே பாடுனா இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. தொண்டையத் தொறங்க."

பெர்லின் பாட்டுத் தாளில் மூச்சு விடுகிற இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் சாலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பண்டிகைக்கு முந்தின வாரம் கை நெஞ்சுக்கு மேல் வரவே மாட்டேன் என்றது. மறுபடியும் கிளினிக்குக்கு ஓடினார்கள். பொள்ளாச்சிப் பெண் பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னாள். சாலோமி சுவருக்கு எதிரே நின்று ஒரே வீச்சாக வீசினாள். "ஏசப்பா!" என்று அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, யாருங்க உங்களை இப்படி வீசச் சொன்னது?"

"நீங்கதானம்மா. பையத் தூக்கக் கூடாதுன்னு சொன்னீயள்லா? வேகமாத்தான் தூக்குதேன்."

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். பிறகு பெஞ்சின் மேல் வயிறு புடைத்து உட்கார்ந்திருந்த பேக்கைக் காட்டினாள். "பைன்னா இந்தப் பைங்க! இதைத்தான் தூக்காதீங்கன்னு சொன்னேன்."

சாலோமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வலியோடு வலியாகச் சிரித்தாள். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"தசைநார் புண்ணாப் போயிருச்சுங்க. மூணு மாசத்துக்குக் கையை ஒசத்தக் கூடாது. பாட்டு நடத்தறதை நெனைக்கவே வேண்டாங்க" என்றவள், ரிச்சர்டைப் பார்த்துத் திரும்பினாள். "ஏனுங்க சார், நீங்களாவது சொல்லியிருக்கலாமே? எங்க ஊர்ப் பேச்சு உங்களுக்குத் தெரியுமுங்களே."

ரிச்சர்ட் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலோமியின் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு அன்னைக்கே வெளங்கிட்டா?"

"வெளங்குச்சு... நீயா ஒண்ணு நெனச்சுக்கிட்டுச் சந்தோசமாச் செஞ்சே. சரி, செய்யட்டும்னு இருந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பேக்க நீ தூக்காட்டா நான்தான தூக்கணும்? பொம்பள பேக்கத் தோள்ல மாட்டிக்கிட்டு நான் எங்கன போவ? தெரிஞ்சவன் எவனாவது பாத்தா என்ன சொல்லுவான்?"

சோம்பேறித்தனம் என்றால் சாலோமி மன்னித்திருப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். ஆனால் தினமும் காலையில் அவள் சுவருக்கு முன்னால் கையை வீசியபோது, இந்த மனுஷன் காப்பித் தம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். வலி பொறுக்காமல் அவள் நிறுத்தினால், "இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு, விடாத" என்றார்.

"அஞ்சு பாக்கின்னு எண்ணி வேற சொன்னீயளே" என்றாள்.

"சரி, குடு. இனிமே நான் தூக்குதேன்" என்று ரிச்சர்ட் பேக்கை எட்டி எடுத்தார். அவள் தடுக்கவில்லை. பாட்டு ஃபைலையும் போனையும் மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். அவர் வந்து உட்காருவதற்குள், "நீங்க போங்க அண்ணாச்சி" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள்.

மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ நின்று நின்று போனது. இடது கையால் போனைப் பிடித்து பெர்லினைக் கூப்பிட்டாள்.

"பெர்லின், ஞாயித்துக்கெழம பாட்ட நீ நடத்து. ஃபைலக் கொண்டுட்டு உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"ஏன்க்கா? கை ரொம்ப வலிக்கா?"

"கைக்கு ஒண்ணுமில்லட்டி" என்றாள் சாலோமி. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.