எண்பத்தேழாம் கதிரை

1

இந்தக் கதை எனக்குச் சலவையறையில் அகப்பட்டது.

சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில் நாங்கள் இருந்த நாலுமாடி வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரேயொரு சலவை இயந்திரம். யார் எந்த நாளில், எத்தனை மணிக்குத் தோய்க்கலாம் என்ற அட்டவணை கதவில் தொங்கும். 1987 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, என் முறை தொடங்கி அரைமணியாகியும் மேல்வீட்டுக் குகதாசனின் உடுப்பு உள்ளே கிடந்தது; இன்னும் தோய்த்தபாடில்லை. எடுத்து வெளியே வைத்தேன். வைக்குமுன் பைகளைத் தடவினேன். பைகளைத் தடவுவது நல்ல பழக்கம். எடுத்ததை விரித்து வாசிப்பது என்னுடைய மற்றப் பழக்கம்.

நாலாய் மடித்த கடதாசி. அரைவட்ட வரிசைகளில் சின்னச் சின்னக் கட்டங்கள், நூற்றெழுபது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒன்று அல்லது சைபர். எண்பத்தேழாம் கட்டத்தில் மட்டும்—

(பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "குகதாசன் நேர்மையான மனிதன்." வெட்டிவிட்டேன். அடுத்தவளின் சலவை நேரத்தில் அரைமணியைத் தின்கிறவனுக்கு அந்த வசனம் பெரிசு.

இரண்டாம் தொடக்கம்: "ஜனநாயகம் என்பது யாதெனில்..." இதை முடிக்கத் தெரிந்தவர்கள் முடிக்கட்டும்.

மூன்றாவது நிற்கும்போல் இருக்கிறது: குகதாசன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். திங்கட்கிழமை உணவகத்துக்கு ஓய்வுநாள். லுசேர்ன் மாநிலச் சட்டசபையும் திங்கட்கிழமைகளில்தான் கூடும். அகதிகளுக்கு உதவும் குழு ஒன்றை நடத்திய ஃபிராவ் எக்லி என்ற பழைய ரீச்சர் இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்தாள். வருகிற ஏப்ரலில் தேர்தல். அதற்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் எங்கள் விசயத்தில் எப்படி வாக்களித்தார் என்று எண்ணி, புள்ளி போட்டு, துண்டுப்பிரசுரமாய் அடித்து வீடுவீடாகப் போடுவது அவளுடைய திட்டம். ஆறு வாக்கெடுப்பு, ஆறு புள்ளி. மூன்றும் அதற்கு மேலும் எடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டம், குறைந்தவருக்குக் கறுப்பு.

சபையில் வாக்களிப்பது எழும்பி நின்று. யார் நின்றார் என்று எவரும் பெயர்பெயராக எழுதி வைப்பதில்லை. ஆகவே மேல்மாடத்தில் கதிரைப் படத்தோடு ஒருவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதற்கு ஜெர்மன் தேவையில்லை, கண் போதும். வாக்கில்லாத ஒருவன், வாக்குக் கேட்கிறவர்களுக்குப் புள்ளி போட்டான். பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர்மாதிரி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போவான். நான் யன்னலால் பார்த்திருக்கிறேன்.

3

பரீட்சை என்ற சொல் தானாக வந்துவிட்டது. வந்ததால் சொல்கிறேன்.

குகதாசன் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எடுத்த காலம், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த காலம். தமிழில் எழுதியவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதியவனுக்கு அதைவிடக் குறைந்த இன்னொன்று. இரண்டு புள்ளியால் பொறியியல் தவறிப்போனது. அந்த இரண்டு புள்ளியையும் அவன் சுவிசுக்குக் காவிக்கொண்டு வந்திருந்தான். குடித்தால் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான்.

ஆகவே குழுவின் முதல் கூட்டத்தில் சபைக்கு வராதவரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, ஃபிராவ் எக்லி, "ஒரு கோடு போட்டு விடுவம், வருத்தம் வந்து படுத்தும் இருக்கலாம்தானே" என்றாள்.*

"வராதவனுக்குச் சைபர்" என்றான் குகதாசன். "சோதினைக்கு வராட்டிச் சைபர். காரணம் கேக்கப்படாது. காரணம் கேக்கத் துவங்கினா ஆளுக்கொரு காரணம் வரும், பிறகு ஆளுக்கொரு வெட்டுப்புள்ளி வரும்."

அவள் யோசித்துத் தலையாட்டினாள். அது விதியானது.

* அவர்கள் கதைத்தது பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம், மூன்றாவது பாதி கை. என் கதையில் எல்லோரும் யாழ்ப்பாணம்தான் கதைப்பார்கள்.

4

ஆறாவது வாக்கெடுப்பு பெப்ரவரியில். தமிழரைத் திருப்பியனுப்புவதை நிறுத்தும்படி பேர்னில் இருக்கும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுவதா, விடுவதா? (ஆவணக் காப்பகத்தில் தேடவேண்டாம். இந்த வாக்கெடுப்பைக் கதைக்காக நான்தான் வைத்தேன்.) மேலே குகதாசன், கையில் பென்சில். கீழே எண்பத்தேழாம் கதிரை வெறுமை.

அது பூஹரின் கதிரை. எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் சீஸ்கடை வைத்திருந்தவர். ஐந்து வாக்கெடுப்பில் எங்களுக்காக இரண்டு தரம் எழும்பியவர், மூன்று தரம் உட்கார்ந்திருந்தவர். எழும்பியபோதும் முகத்தில் ஓர் அலுப்பு இருந்ததாகக் குகதாசன் சொல்லுவான். அலுப்புக்குப் புள்ளி குறைக்க விதியில் இடமில்லை.

வெறுங்கதிரைக்குச் சைபர் போட்டான். ஆறுக்கு இரண்டு. கறுப்பு வட்டம்.

இங்கே கதை முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் நான்.

பின்னேரம் படிக்கட்டில் அவனைக் கண்டவுடன் சொல்லிவிட்டேன்: "தம்பி, உமக்கு விசயம் தெரியாதே? எங்கட வீட்டுப் பரமேஸ்வரிக்குக் காலமை ஒன்பதுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து வந்திட்டுது. அவளின்ர மனுசன் தயாபரன் வேலையில. பூஹர் சபைக்குப் போகவெண்டு கோட்டும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர், தன்ர சீஸ் வானில அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனவர். தயாபரன் வருமட்டும் அங்கையே இருந்தவராம். பொம்பிளைப் பிள்ளை."

அவன் முகத்தைப் பார்த்து, நல்ல செய்திக்கு ஏன் இப்படி ஆகிறது என்று நினைத்தேன். அன்று நான் வாயை மூடியிருந்தால்—

5

மூன்றாம் நாளே பரமேஸ்வரி பிள்ளையோடு வீடு வந்துவிட்டாள். சைபர் போட்டதைப் படிக்கட்டில் குகதாசன் எனக்குச் சொல்லியிருந்தான்; அது அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது. (எப்படி என்று கேட்கவேண்டாம்.) குகதாசன் பிள்ளை பார்க்க வந்தான். நான் அங்கே கொத்தமல்லி அவித்துக்கொண்டு இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"குகன் அண்ணை, அந்த மனுசனுக்குக் கறுப்புப் பொட்டாமே?"

"விதி, தங்கச்சி."

"ஆர் போட்ட விதி?"

அவன் குனிந்து பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தான்.

"வானுக்குள்ள சீஸ் மணத்தில நான் சத்தி எடுத்தனான். தன்ர கோட்டைக் கழட்டித் துடைச்சுவிட்டவர். அதுக்கு ஒரு மார்க்ஸ் போட ஏலாதோ?"

"நான் அதைப் பாக்கேல்லையே. நான் பாத்தது கதிரையை."

"அப்ப உங்கட கண்ணில பிழை."

"பிள்ளை, இஞ்ச கேள். ஒருத்தனுக்கு ஒரு மார்க்ஸ் கூட்டினா, அது நல்ல மனுசனுக்குக் கூட்டினதெண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கு இரண்டு குறைச்சவங்களும் நியாயமெண்டுதான் சொன்னவங்கள்."

"உங்களுக்குக் குறைச்சவன் உங்களைக் கண்டவனே?" என்றாள் அவள். "நீங்கள் இவரைக் கண்டிருக்கிறியள். தினம் பால் வாங்கிறியள்."

குகதாசன் எழும்பிச் சப்பாத்தைத் தேடினான். கட்டுரை எழுதுகிறவள் என்றால் இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். புள்ளி எழும்பியவனைக் காணும், ஏன் எழும்பினான் என்பதைக் காணாது. காணத் தொடங்கினால் அது புள்ளி இல்லை, என்னைப்போல ஊர்வம்பு ஆகிவிடும். ஊர்வம்பை நம்பி வாக்குப் போடலாமா? ஊரில் நாங்கள் போடாமல்தான் விட்டோமா?

6

முடிவு ஒன்று: சைபர் அப்படியே நிற்கிறது. ஏப்ரலில் பூஹர் தோற்கிறார். கடையில் பால் ஊற்றும்போது பழையபடி "கிரூயெட்ஸி" என்கிறார். அந்த வணக்கத்தைக் கேட்கக் கூச்சப்பட்டுக் குகதாசன் பாலுக்குத் தூரத்துக் கடைக்கு நடக்கிறான். (சோகம் கூடிவிட்டது.)

முடிவு இரண்டு: சைபரை அழித்து ஒன்று போடுகிறான். ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். அதன்பிறகு அந்த இரண்டு புள்ளியைப் பற்றி அவன் குடித்தாலும் கதைப்பதில்லை. (அவன் கதைக்காமல் இருப்பான் என்று நம்ப முடியவில்லை.)

முடிவு மூன்று: ஃபிராவ் எக்லியிடம் போய் விதியை மாற்றக் கேட்கிறான். இதை எழுதத் தேவையில்லை, கேட்டேவிட்டான். "மாத்தலாம்" என்றாளாம் அவள். "ஆனா அண்டைக்கு இன்னும் பதினாலு பேர் வரேல்லை. பதினாலு பேரையும் ஏனெண்டு விசாரிச்சுக்கொண்டு வாரும்." ஆளுக்கொரு காரணம். அவன் சொன்ன அதே சொல்.

7

இனிச் சொல்வது நடந்தது. நான் அவனுக்குப் பின்னால் பால்ச்சட்டியோடு வரிசையில் நின்றேன். ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற எனக்கு இந்த அளவு ஜெர்மன் விளங்கும்.

குகதாசன் கேட்டான்: "ஹேர் பூஹர், அண்டைக்கு நீங்கள் சபைக்குப் போயிருந்தா, எங்களுக்காக எழும்பியிருப்பியளோ?"

பூஹர் கத்தியைச் சீஸில் வைத்தபடி யோசித்தார். பொய் சொல்ல நல்ல இடம். தேர்தலுக்கு ஒரு மாதம். கேட்கிறவன் பென்சில் வைத்திருக்கிறவன் என்றும் அவருக்குத் தெரியும்.

"காலமை வீட்டால வெளிக்கிடேக்க, எழும்பாமல் இருக்கிறதெண்டுதான் நினைச்சனான்" என்றார். "பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினவை. அப்பவெண்டா எழும்பியிருப்பன்."

கத்தி இறங்கியது.

"வாக்கெடுப்புப் பத்து மணிக்கு" என்றார். "எவ்வளவு வெட்ட?"

"இருநூறு கிராம்" என்றான் குகதாசன்.

8

இப்போது கடதாசிக்கு வருகிறேன். எண்பத்தேழாம் கட்டத்தில் சைபர் போட்டு அழித்திருந்தது. ஒன்று போட்டு அழித்திருந்தது. மேலே மறுபடி சைபர், மறுபடி அழிப்பு. எத்தனை தரம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் அந்தப் பக்கத்தால் தெரிந்தது. ஃபிராவ் எக்லிக்கு அவன் கொடுத்தது வேறு கடதாசி, பேனாவால் எழுதிய நல்ல படி. அதில் என்ன இருந்தது என்பது துண்டுப்பிரசுரத்தில் வந்தது. துண்டுப்பிரசுரம் எங்கள் வீட்டு எல்லாத் தபால்பெட்டியிலும் விழுந்தது.

எல்லாவற்றையும் பார்க்கிற இவள் அதைப் பார்க்காமல் விட்டிருப்பாளா என்று கேட்பீர்கள். பார்த்தேன். சொல்லமாட்டேன். படிக்கட்டில் ஒருதரம் சொன்னதே போதும்.

நாலாய் மடித்த இந்தக் கடதாசியை உங்களிடம் தருகிறேன். விதியும் தெரியும், ஆளும் தெரியும், மணியும் தெரியும். பென்சிலை எடுங்கள்.

அழுத்தி எழுதவேண்டாம். அந்த இடத்தில் கடதாசி மெல்லிசு.