மாமரப் பாசிக்கு வைத்த பெயர்

சிவாஜினி நீட்டிய தாளைப் புஸ்பராணியக்கா சேலையில் கை துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். கப்பல்துறைக் கிராமத்தில் அக்காவின் வளவு மாமரத்தில் படர்ந்த சாம்பல்நிறப் பாசியைப் பற்றிய கட்டுரை அது. வெறும் பாசியில்லை, பாசியும் காளானும் ஒன்றாய்க் கூடி வாழும் லைக்கன். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் சிவாஜினி பட்டையைச் சீவியெடுத்து, நுணுக்குக்காட்டியில் கண் பூத்துப்போகப் பார்த்து, உலகில் யாரும் பெயர் வைக்காத இனம் என்று உறுதிசெய்ய நான்கு வருடம் போயிற்று. மரத்தை நட்டவர் அக்காவின் கணவர் இராகுலன். யுத்தம் நடந்த 2007இல் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பவேயில்லை. அவருடைய பெயரையே அந்த லைக்கனுக்கு வைத்துவிட்டு, சிவாஜினி என்ன பெரிய மனசு என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டும் இருந்தாள், பாவம்.

"என்ர மனுசன்ர பேரா?" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "உலகம் முழுக்க வாசிப்பினமோ?"

"ஓம் அக்கா. இனி ஆராலும் மாத்த ஏலாது."

சிவாஜினி காட்டிய பெயரை அக்கா தடவிப் பார்த்தாள். விரல் அடுத்த ஆங்கில வரிக்குப் போயிற்று. "இதில என்ன எழுதிக்கிடக்கு?"

ஏன் அந்தப் பெயர் என்று ஒரு வரி எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். எல்லாரும் எழுதுவதுபோல் சிவாஜினியும் கையோட்டத்தில் எழுதிவிட்டாள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"மரத்தை நட்ட... காலஞ்சென்ற இராகுலன் நினைவாக எண்டு."

அக்கா தாளிலிருந்து விரலை எடுத்தாள்.

"மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு எத்தினை பேர் வந்து கெஞ்சினவை. நான் ஒருத்தருக்கும் கையெழுத்து வைக்கேல்ல. நீ வச்சுப்போட்டாய், தங்கச்சி."

"திருத்தம் ஒண்டு எழுதிப் போடுறன் அக்கா."

"அப்ப இந்த வரி அழியுமோ?"

அழியாது. அச்சேறியது ஏறியதுதான். அந்த மனிதரைத் தானே கொன்றுவிட்டதுபோல் சிவாஜினி தலைகுனிந்து நின்றாள்.

அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரக் கட்டியும் ஒரு பிடி தேங்காய்த் தும்பும் கொண்டுவந்தாள். மரத்தடியில் குந்திப் பாசியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"அவர் வந்து பாத்தா என்ன நினைப்பார்? செத்தவன் எண்டு பேர் வச்சதை வளவுக்க வளத்துக்கொண்டிருக்கிறன் எண்டெல்லே நினைப்பார்."

வேறெங்கும் தேடிக் கிடைக்காத இனம். ஐயோ, தடுக்கச் சிவாஜினிக்குக் கை வரவில்லை. நுரை சாம்பல்நிறமாய் வேர்வரை வழிந்தது. அக்கா வாசல் படலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் அவசரமாய்த் தேய்த்தாள்.