பூட்ஸுக்குள் இருந்த கால்

யூனிஸுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. வலது காலின் பெருவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் புதைந்து வலிக்கிறது. அந்த ஓரத்தைச் சாய்த்து வெட்டினால் வலி விடுகிறது. ஆனால் மறுபடி வளரும்போது நகம் முன்னைவிட ஆழமாக இறங்குகிறது. வெட்ட வெட்ட ஏன் இப்படி? கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லை.

சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். டீச்சர்கள் பூட்ஸ் போட்டுத்தான் வர வேண்டும் என்பது பள்ளியை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானியின் கட்டளை. வீட்டில் ஒரு ஜோடி இருந்தது. கணவன் சத்தியநாதனின் முதல் மனைவி ஞானமணி போட்டது. நல்ல தோல், வீணாக்குவானேன் என்று அவனே மெழுகு தேய்த்துக் கொடுத்திருந்தான்.

சனிக்கிழமை காலை ஜெபக்கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பின்கட்டில் பால் ஊற்ற வந்த கங்கம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"அய்யோ, நீங்களா டீச்சரம்மா! செத்துப்போன பெரியம்மாதான் வந்துக்கினு கீறாங்கன்னு உசுரே பூடுச்சு. ஒரு கால் டக்குங்குது, ஒரு கால் இழுக்குது. கடைசில அவங்களும் இப்டித்தான் நடந்தாங்க."

"அவங்களுக்குக் கால்ல இன்னா?"

"வலது கால் பெருவெரலுதான், நகம் உள்ள பூந்துக்கிச்சு. ஐயா பென்சில் சீவுற கத்தியால தோண்டி உட்டாரு. அப்பால ஜுரம் கண்டுச்சு. அவ்ளோதான்." கொட்டிய பாலைப் பார்த்தாள். "இதுக்குக் காசு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

ஞானமணி ஜுரத்தில் இறந்தாள் என்றுதான் யூனிஸ் கேட்டிருந்தாள். விரலைப் பற்றி யாரும் சொன்னதில்லை. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது சத்தியநாதன் அன்பாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: "மத்தியானம் வந்து நானே ஆழமா வெட்டி உடறேன். பயப்படாத, எனக்குப் பழக்கந்தான்."

வலது பூட்ஸைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். நுனியில் அவள் கால்விரல்களுக்குப் பொருந்தாத மேடும் பள்ளமும் தட்டுப்பட்டன. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தோட்டத்துக் களிமண்ணைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்து முன்பாதியில் இறுக அடைத்துச் சுடுவெயிலில் வைத்தாள். களிமண் காயும்போது சுருங்கும். சுருங்கினால் தோலை விட்டுத் தானே கழன்று வரும்.

உச்சிவெயிலில் கழன்று வந்தது. பாதி கால். அவளுடைய கால் அல்ல. பெருவிரல் அடுத்த விரலின் மேல் சாய்ந்து, ஓரத்தில் சதை வீங்கியிருந்தது. பூட்ஸ் ஒரு காலுக்கு ஏற்ப வளைந்துவிட்டது. இப்போது இன்னொரு காலைத் தன் வடிவத்துக்கு வளைத்துக்கொண்டிருந்தது. இடுக்கில் சிக்கிய விரலின் சதையை அது நகத்தின்மேல் தள்ளுகிறது. ஓரத்தை வெட்டினால் அந்தக் காலியிடத்தில் சதை ஏறிக்கொள்கிறது. வளரும் நகத்துக்கு அதைக் குத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. சத்தியநாதன் கத்தியை விரித்தபடியே உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த களிமண் காலைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இது... ஞானத்தோட காலு."

"ஆமா."

"எங்க இருந்துச்சு?"

"பூட்ஸுக்குள்ளதான். இத்தன நாளும் நான் இதுமேலதான் கால வெச்சிக்கினு இருந்தேன்."

அவன் அந்தச் சாய்ந்த விரலைத் தொட்டான். தொட்ட கையை எடுக்கவில்லை.

"இன்னும் சூடா இருக்குது, யூனிஸ்."

வெயிலில் இருந்த மண் என்று அவள் சொல்லவில்லை. "கத்திய குடுங்க," என்றாள். அவன் கொடுத்தான். அவள் பூட்ஸின் நுனித் தோலை, விரல்கள் வெளியே வருகிற அளவுக்கு அறுத்தெடுத்தாள். சத்தியநாதன் களிமண் காலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தான்.

நகம் இளகும்வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்திருந்தாள். பிறகு பஞ்சை நூல்போலத் திரித்து, நகத்தின் மூலைக்கு அடியில் மெல்லச் செருகினாள். மூலை சதையை விட்டுச் சற்றே எழும்பியது. தினமும் குளித்ததும் பஞ்சை மாற்ற வேண்டும். நகம் சதையைத் தாண்டி வெளியே வரும்வரை காத்திருந்து, அதன்பின் குறுக்கே நேராக வெட்ட வேண்டும். மூலையைத் தொடக்கூடாது.