ஓசி உரம்

எலோய்சாவின் கொல்லையில் மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கடப்பாரை போட்டால் ணங்கென்று திருப்பியடிக்கிற சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் நியூ மெக்ஸிகோ காற்று வாரிக்கொண்டு வந்த புழுதி, அவ்வளவுதான். அதில்தான் ஆப்ரிகாட் கன்றை வைத்தாக வேண்டும். சாலையை அகலமாக்குகிறோம் என்று அவளுடைய அப்பாவின் மரத்தை வெட்டிச் சாய்த்தபோது, ஓடிப்போய் ஒடித்துவந்த குச்சிகளில் ஒட்டுக்கட்டிப் பிழைத்தது இது ஒன்றுதான். இதுவும் போனால் அந்த மரம் பூண்டோடு போச்சு.

புருஷன் மெல்கியாதெஸ் காசு கொடுத்து உரம் வாங்குகிற ரகம் இல்லை. குதிரை வைத்திருக்கும் சிநேகிதனிடமிருந்து ஒரு வண்டி லத்தியை ஓசியில் அள்ளிவந்து கொட்டினான். எலோய்சாவுக்கு மனசு கேட்கவில்லை. குதிரை தின்ற புல்லுக்குக் களைக்கொல்லி அடித்திருந்தால், அந்த விஷம் லத்தியிலும் சாகாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் லத்தி கலந்த தொட்டி ஒன்றிலும் வெறும் மண் தொட்டி ஒன்றிலும் பீன்ஸ் ஊன்றினாள். இலை சுருளாமல் விரியட்டும், அப்புறம் கன்றை நடலாம் என்றாள்.

"பீன்ஸ்தான் இப்ப டாக்டரா? நல்லா இருக்கு கிழவி," என்று சிரித்தான் அவன்.

வாளியில் கன்று துளிர் கட்டி நின்றது. வெயிலோ ஏறிக்கொண்டே போனது. இப்படியே வைத்திருந்தால் வேர் வெந்துவிடும் என்று தினமும் முணுமுணுத்தான்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அந்த மகராசன் குழி தோண்டி, லத்தியைத் தாராளமாகக் கலந்து, கன்றை நட்டே விட்டான். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான். அவளோ வந்ததும் நேரே தொட்டிகளிடம் போனாள். வெறும் மண்ணில் இலை தட்டையாக விரிந்திருந்தது. லத்தியில் முளைத்தது கைமுட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

"கன்னு எங்க?"

அவன் பெருமையாகக் கை காட்டினான். அவள் தொட்டியைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. எங்கப்பா மரத்தை ரோட்டுக்காரன் வெட்டினான். மிச்சத்தை நீ முடிச்சிட்ட."

இருவரும் மண்டியிட்டு வெறுங்கையால் தோண்டினார்கள். வேரை அலசி, வேறு குழியில், லத்தி படாத மண்ணில் நட்டு, ஈரம் காயாமல் இருக்க உதிர்ந்த இலைகளை அள்ளி மேலே மூடினார்கள். அதற்கப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. ரொட்டியைத் தட்டில் வைப்பாள், நகர்ந்துவிடுவாள்.

ஒரு காலையில் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் கன்றின் பக்கத்தில் குந்தியிருந்தான். புதுத் துளிர் சுருண்டே வந்திருந்தது. அவள் எழுந்து வருவதற்குள் அதைத் தட்டையாக்கிவிட வேண்டும் என்று, தடித்த கட்டைவிரலால், கிழிந்துவிடாமல், நீவிக்கொண்டிருந்தான். விட்டதும் அது மறுபடி சுருண்டது. மறுபடி நீவினான்.

எலோய்சாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடு மெல்கி," என்றாள். "அதுக்கு வலிக்கும்."