கமாவில் முடியும் கல்

கணக்கு முடிந்துவிட்டது என்று கணினி காட்டியபோது தம்பி நின்றபடியே காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். அண்ணன் தொடங்கி வைத்த கணக்கு அது. அண்ணன் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தம்பிக்குக் கை வரவில்லை. இப்போது அதுவே ஓய்ந்தது. உள்ளே சுழன்ற விசிறியின் இரைச்சலும் அடங்கியது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தான்.

இருவரும் சேர்ந்து எழுதிய மென்பொருளுக்கு ஒரே வேலைதான்: ஓர் எண் வரிசையைக் கொடுத்தால் அதன் பின்னால் இருக்கும் விதியைத் தேடும். 1, 4, 9, 16, 25 என்று கொடுத்தால் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பார்க்கும். 3, 5, 7, 9 வரும். அவற்றையும் கழிக்கும். 2, 2, 2. எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டதல்லவா, விதி மாட்டிக்கொண்டது. அப்படியே படியேறி வந்து, அடுத்தது 36 என்று சொல்லிவிடும். கழித்தலுக்கு மசியாத வரிசைகளுக்கு இன்னும் நுட்பமான வலைகளும் உண்டு.

ஆனால் அதனிடம் ஒரு கெட்ட குணம். தாட்சண்யம் அதிகம். வீட்டு எண், செருப்பு அளவு, பேருந்து எண் என்று வாய்க்கு வந்ததைக் கொடுத்தாலும் வெறுங்கையோடு அனுப்பாது. எதையாவது சுற்றிவளைத்து ஒரு விதியைக் கட்டிக் கொடுத்துவிடும். அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். கடைசி எண்ணை மென்பொருளுக்குக் காட்டவே கூடாது. "ஒண்ணை மடியில முடிஞ்சுக்கோடா" என்பான். மடியில் இருப்பதை அதுவாகச் சொன்னால்தான் விதி. இல்லையென்றால் வெறும் சமாதானம்.

அண்ணனின் சொந்த வரிசை ஓர் எறும்பைப் பற்றியது. சதுரக் கற்கள் பதித்த தரையில் ஓர் எறும்பு போகிறது. மிதித்த கல்லை மறுபடி மிதிக்காது. அடுத்தடுத்த இரண்டு கற்களில் ஒரே பக்கம் திரும்பாது. இத்தனை கல் தூரத்துக்கு அதற்கு எத்தனை வழிகள்? ஒரு கல் கூடினால் வழிகள் மளமளவென்று பெருகும். கணினி எல்லா வழிகளிலும் நடந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும். அதனால்தான் ஒவ்வோர் எண்ணுக்கும் அவ்வளவு காலம். விதி ஒன்று கிடைத்துவிட்டால் நடக்கவே வேண்டாம்.

கடைசி நாட்களில், மருத்துவமனைப் படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "மாட்டிக்கிச்சு" என்று அண்ணன் சிரித்தான். அந்த விதியைத்தான் அவன் கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

தம்பி விதி சொன்ன எண்ணையும் கணினி எண்ணி முடித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கோடிக்கணக்கில் ஓடும் எண்ணில் நாற்பத்தெட்டு வித்தியாசம் உதைத்தது. அண்ணனின் கடைசித் தேடலைத் திறந்தான். 'மறைத்த எண்கள்: இல்லை' என்றிருந்தது.

கதவு திறந்தது. மருந்துக் கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் அண்ணி வந்திருந்தாள்.

"கல்லுக்காரர் விடாம போன் பண்றார் தம்பி. இன்னிக்குச் சொல்லலன்னா வேற வேலை எடுத்துக்குவாராம்." விசிறி நின்றிருப்பதைக் கவனித்தாள். "முடிஞ்சுடுச்சா? சரியா வந்துச்சா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். சரிபார்க்க இந்த ஊரில் ஆளில்லை.

"கிட்டத்தட்ட வந்துருக்கு அண்ணி."

"கிட்டத்தட்டன்னா? நான் கிட்டத்தட்ட மாத்திரை குடுத்தா கடையில விட்டு வைப்பாங்களா?"

"வரல. அண்ணன் மடியில ஒண்ணும் வச்சுக்கல. இருந்ததையெல்லாம் உள்ள கொட்டிட்டான்."

"அவரா? உன்னைத் திட்டுவாரே அதுக்கு."

"அவசரம் போல."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழவில்லை. இருவருமே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்களா, இன்னும் அதற்கு வரவில்லையா என்று தம்பிக்குத் தெரியவில்லை.

"எண்ணினதும் தப்பா?"

"எண்ணினதெல்லாம் சரி. எறும்பு மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப அந்த எண்களையே வெட்டச் சொல்லு."

"விதி இல்லாம வெறும் எண்ணா?"

"அவர் நடந்தது அதுதானே. தப்பை வெட்டிட்டு வருஷாவருஷம் அங்க போயி நான் எப்படி நிக்கறது?"

தம்பி கல்லுக்காரரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டான். அண்ணன் இருந்தபோது எண்ணி முடித்த எண்களைச் சொன்னான். கடைசியில் ஒரு கமா, அதன் பின் மூன்று புள்ளி. வரிசை இன்னும் இருக்கிறது என்பதற்கு அப்படித்தான் எழுதுவார்கள்.

"கமாவுலயா முடிக்கச் சொல்றீங்க?" என்றார் கல்லுக்காரர். "பார்க்கறவன், பாதியில எழுந்து டீ குடிக்கப் போயிட்டான் போலன்னு என்னையில்ல பேசுவான்."

"பேசட்டுங்க," என்றாள் அண்ணி.

"சரிம்மா. இன்னும் ஒரு எண்ணுக்கு இடம் இருக்கு. இருந்தா குடுங்க, அதையும் சேர்த்துடறேன்."

அண்ணி திரையில் இருந்த புது எண்ணைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"அது வேண்டாங்க," என்றான் தம்பி.

அழைப்பை முடித்தபின் அண்ணி, "ஏன்?" என்று கேட்டாள்.

"கல்லைப் பார்த்து யாராவது விதி கண்டுபிடிச்சுட்டேன்னு வந்தா, கேக்கறதுக்கு நம்மகிட்ட ஒண்ணு இருக்கணும்ல."

அண்ணி சீருடைப் பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் எண்ணை எழுதினாள். திரையோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரொட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

"தீந்துடுச்சு அண்ணி. வாங்கிட்டு வரேன்."