நகல் வைக்காதவள்

காலையிலிருந்து மெஷின்கள் சும்மா நின்றன. நூல் கோத்த ஊசிகள் வரிசையாகத் துணிக்கு மேலே தூக்கியபடி நிற்க, ஓட்டுகிற பெண்கள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள்ளே டிசைன் அக்கா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிக், டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் டிக், டிக். திரை கறுப்பாகவே இருந்தது.

சட்டைப் பையில் தைக்கிற பள்ளிச் சின்னங்கள்தான் அந்தப் பட்டறைக்குப் பிழைப்பு. ஒரு பள்ளிக்குச் சிங்கம், ஒன்றுக்கு விளக்கு, ஒன்றுக்குக் கப்பல். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் குத்திக் கொடுத்தால்தான் மெஷின் நகரும். அத்தனையும் குத்தியவள் அவள். கல்யாணமான புதிதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். இத்தனை வருஷத்துச் சின்னங்களும் அந்த ஒரே ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. மெஷினிலே தேடினால் கடைசியாக ஏற்றிய கப்பல் மட்டும் கிடந்தது.

சர்வீஸ்காரர் வந்து டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து உதட்டைப் பிதுக்கினார். உள்ளே தகடே கீறிப்போயிருக்கிறது, இனி அதை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வேறு எங்கேயும் ஒரு நகல்கூட வைக்கவில்லையா என்று அவளைக் கேட்டார்.

வைத்திருந்தாள். வாராவாரம் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவது அவள் வழக்கம். போன வருஷம் அவளுக்கு உதவிக்கு இருந்தவன், காலடிச் சத்தமே கேட்காமல் நடப்பதால் பூனை என்று பேர் வாங்கியவன், டிசைன்களை அள்ளிக்கொண்டு போய் எதிர்க் கடைக்கு விற்றான். கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னதும் அவள்தான். முதலாளி பூனையைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார். அதோடு விட்டாரா? அவளுடைய பென் டிரைவையும் வாங்கி, எல்லாரும் பார்க்க, தரையில் வைத்துச் சுத்தியலால் நசுக்கினார். பைப் ஒழுகலுக்குப் பூசுகிற கறுப்புப் பசையைக் குழைத்துக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகுகிற ஓட்டைகள் எல்லாவற்றையும் தன் கையாலேயே அடைத்தார். மவுஸைக்கூட யாரும் பிடுங்கக் கூடாது என்று அதன் வயரையும் சேர்த்துப் பூசிவிட்டார். அப்புறம் மவுஸ் கெட்டபோது வயரை நடுவில் வெட்டி வேறொன்றை முறுக்கி ஒட்ட வேண்டியதாயிற்று. பட்டறையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இப்போது சிரிக்க ஆளில்லை. பள்ளி திறக்கப் போகிற சமயம். முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வழக்கத்தில் இல்லாத தேன் குரலில் ஒழுகியது.

"வீட்ல ஏதாவது எடுத்து வச்சிருக்கியாம்மா? இருந்தா சொல்லு. நான் தப்பாவே நெனைக்க மாட்டேன்."

"இருந்த ஒண்ணையும் நீங்கதானே சார் ஒடச்சீங்க."

"அதை விடு. வேற. உனக்குன்னு. இத்தனை வருஷம் இருக்க, ஒண்ணு ரெண்டாவது எடுத்துட்டுப் போயிருக்க மாட்டியா?"

அவர் கண்ணில் இருந்தது சந்தேகம் இல்லை, ஆசை. அவள் திருடியிருக்க வேண்டுமே என்று அந்த மனுஷன் வேண்டிக்கொண்டு நின்றார். இல்லை சார் என்றாள். அதைக் கேட்டதும் தேன் வற்றிப்போனது. உன் பொறுப்பில் இருந்த பொருள்தானே கெட்டது, பள்ளி திறப்பதற்குள் எல்லாச் சின்னத்தையும் மறுபடி குத்திக் கொடு, லீவு கீவு கிடையாது, முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்.

வேறு இடம் என்று அவர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அவள் வயதில், கண்ணாடி போட்டும் மங்குகிற கண்ணோடு, எந்தப் பட்டறை நாற்காலி போட்டுக் காத்திருக்கிறது? மகளின் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

கழிவு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, தப்பாகத் தைத்து எறிந்த பழைய சின்னங்களைப் பொறுக்கினாள். எண்ணெய்க் கறையும் எலிப் புழுக்கையுமாக நாறியது. ஒவ்வொன்றையும் உதறித் துடைத்து, பின்பக்கம் திருப்பி, நூல் போன வழியைப் பார்த்துப் பார்த்து, சர்வீஸ்காரர் மாட்டிக் கொடுத்த புது டிஸ்க்கில் மறுபடி குத்தினாள். சிங்கத்தின் பிடரிக்கு மட்டும் ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. மதியத்துக்கு மேல் கண்ணில் நீர் கொட்டும். ஈரத் துணியைக் கண்மேல் போட்டுக் கொஞ்சம் சாய்வாள், மறுபடி குனிவாள். ஓட்டுகிற பெண்கள் ஆளுக்கொரு வாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களுக்கும் அவள் குத்தினால்தான் கூலி.

வீட்டில் வேன் ஓட்டிக் களைத்து வந்த கணவரிடம், முதலாளி கேட்ட கேள்வியைச் சொல்லி வயிறெரிந்தாள். அவரும் கூடச் சேர்ந்து எரிவார் என்று பார்த்தால், சட்டையைக் கழற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு காப்பி எடுத்துத்தான் வச்சிருக்கலாமேம்மா. இப்ப அந்தாளு உன் கால்ல விழுந்திருப்பான்."

அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பாதிக்கு மேல் முடித்திருந்தாள். அன்று காலை பட்டறைக்குள் நுழையும்போதே மெஷின்கள் ஓடுகிற இரைச்சல் கேட்டது. அத்தனை மெஷினும் ஓடின. அவள் இன்னும் கை வைக்காத பள்ளிகளின் சின்னங்கள் துணியில் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. கண்ணாடி அறையில், அவள் நாற்காலியில், அவள் முதுகுக்கு வைத்துக்கொள்கிற தலையணையில் சாய்ந்துகொண்டு பூனை உட்கார்ந்திருந்தான். முன்னால் அவனுடைய லேப்டாப். போன வருஷத்தைவிடக் கன்னம் உப்பி ஆள் தளதளவென்று இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பல்லைக் காட்டினான்.

"வாங்கக்கா. உங்க சிங்கமெல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணைக்கூட நான் அழிக்கல."

முதலாளி பின்னாலேயே வந்தார். ராத்திரியே அவன் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்ததை மறைக்கவும் இல்லை. டிசைன் பிரிவை இனிமேல் அவன் பார்ப்பான், அவளுக்கு நூல் வெட்டுகிற மேஜையில் இடம் ஒதுக்கியிருக்கிறது, சம்பளமும் அந்த மேஜைச் சம்பளம்தான் என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். அவனிடம் எல்லாம் இருக்கும்போது அவள் இதுவரை குத்தியது எதற்கு என்றும் கேட்டார்.

"அவன் திருடினவன் சார். நீங்களே தொரத்தினீங்க."

"திருடினான்தான், இல்லேங்கல. ஆனா பத்திரமா வச்சிருந்தான்ல? ஆபத்துக்கு உதவுச்சுல்ல? நீ என்னம்மா வச்சிருந்த?"

பூனை லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். மேஜைக்கு அடியில் காயப் போட்டிருந்த தன் கண் துணியை எடுக்க அவள் அவன் காலருகே குனிய வேண்டியிருந்தது. அவன் காலை நகர்த்தவில்லை. அவன் பூசியிருந்த வாசனைத் தைலம் மூக்கில் ஏறியது. பின்பக்கத் தொட்டியில் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு நூல் வெட்டுகிற மேஜைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டுகிற மாதம் அது.

அங்கே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி கத்தரியை அவள் பக்கம் தள்ளினாள். சின்னங்களைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தொங்குகிற நூல்களை ஒட்ட வெட்டுவதுதான் வேலை. கூடை கூடையாக வந்தது. அன்று முழுக்க வந்தது அவளுடைய சிங்கம்தான்.

சாயங்காலம் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இதுவரை இல்லாத வழக்கம். பட்டறையின் பொருள் இனி ஒன்றும் வெளியே போகக் கூடாது, போகிறவர்களைச் சோதித்துத்தான் விட வேண்டும் என்று மதியம் உத்தரவாகியிருந்தது. வாட்ச்மேன் தாத்தா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பையாகத் துழாவினார். அவள் முறை வந்தபோது அவர் முகத்தைத் தூக்கவே இல்லை.

"எனக்கு வேற வழியில்ல தாயி. மொதலாளி சொல்லிட்டாரு."

மருந்துச் சீட்டு, கண்ணாடிக் கூடு, மடித்த துண்டு எல்லாம் ஸ்டூலின்மேல் வந்தன. கூட்டைத் திறந்து கண்ணாடியைத் தூக்கிக் கீழே பார்த்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். காலையில் நடந்த கூத்தில் அவள் பாதிகூடச் சாப்பிடவில்லை. மீந்த சோறு நீர்விட்டுப் புளித்திருந்தது. பீடி மஞ்சள் படிந்த இரண்டு விரலை அதற்குள் விட்டு அடிவரை கிளறிப் பார்த்தார்.

பின்னால் ஹாரன் அடித்தது. முதலாளி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, அவனை எதுக்கு நிறுத்துகிறீர்கள், அவன் நம்ம ஆள், கேட்டைத் திறங்கள் என்று கத்தினார். வாட்ச்மேன் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடினார். கேட்டின் இரண்டு கதவும் விரியத் திறந்தன. லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பூனை வண்டியை மெதுவாக ஓட்டிவர, பெண்கள் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். மூடி இல்லாத டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவளும் ஒதுங்கி நின்றாள். சோதனை இன்னும் முடியவில்லை, அங்கேயே நில் என்று வாட்ச்மேன் அவளுக்குச் சைகை காட்டினார்.